பிறந்த வீட்டின் கோபம்

இராஜபாளையம்: பஞ்சு மார்க்கெட்

இராஜபாளையத்தில் மார்கழி விடியலுக்கு இரண்டு குரல்கள். ஒன்று மில் சங்கு. மற்றொன்று கோயில் ஒலிபெருக்கியில் வரும் திருப்பாவை. சங்கு ஓய்ந்ததும் சைக்கிள்களும் கம்பெனி வேன்களும் தெருவை நிறைக்கின்றன. திருப்பாவை ஓய்ந்ததும் டீக்கடைகள் நிறைகின்றன. கிழக்கே சஞ்சீவி மலை பனிக்குள் பாதி மறைந்து நிற்கிறது.

என்னோடு வந்தவர் லூதியானாவில் பிறந்து கோயம்புத்தூரில் வேர்பிடித்த சீக்கியர். பஞ்சாலை எந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்பவர். கொங்குத் தமிழ் பேசுவார். என்னை ‘அண்ணா’ என்பார். நான் அவரைச் சிங் என்பேன். கோவையில் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பழைய மில்களைப் பார்த்தே பழகியவருக்கு, சங்கு ஊதும் ஊர் என்றாலே தனிப் பிரியம். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் பற்றி, கோயில் தலபுராணம் சொல்வதுபோல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் தறிச்சத்தம் காதை அடைக்கும். அங்கே நெய்வது பேண்டேஜ் துணி. நாட்டில் எங்கோ யாருக்கோ கட்டுகிற காயக்கட்டு இந்தக் கரிசல் காட்டு ஓரத்தில்தான் தறியிறங்குகிறது.

டீ ஆறுவதற்குள் சிங் கேட்டார்: “அந்தப் பேச்சு இந்த ஊர்லதானுங்ணா நடந்துச்சு?”

ஆம், இந்த ஊரில்தான். 2018 ஜனவரி 7ஆம் தேதி கவிஞர் வைரமுத்து இங்கே ஆண்டாளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தலைப்பு ‘தமிழை ஆண்டாள்’. மறுநாள் தினமணியில் அது அச்சாயிற்று. கட்டுரையின் பெரும்பகுதி புகழ்ச்சி. ஓரிடத்தில் மட்டும், ஆண்டாள் ஒரு தேவதாசி, திருவரங்கத்தில் வாழ்ந்து மறைந்தவர் என்று ஓர் ஆய்வு சொல்வதாக மேற்கோள் வந்தது. அந்த ஒரு வரிதான் தீப்பிடித்தது. ஊர்வலம், கடையடைப்பு, காவல் நிலையப் புகார்கள், நாக்கை அறுப்பேன் தலையை எடுப்பேன் என்ற மேடைப் பேச்சுகள் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. தொடர்ந்த வழக்குக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கவிஞர் வருத்தம் தெரிவித்தார். தினமணி ஆசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்கே போய் வணங்கி மன்னிப்புக் கேட்டார்.

அந்த மேற்கோளுக்கும் ஒரு கதை உண்டு. இண்டியானா பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் என்று முதலில் சொல்லப்பட்டது. உண்மையில் அது சிம்லாவிலுள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்ட தொகுப்பு, பதிப்பாசிரியர் எஸ்.சி. மாலிக். அதில் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும் சேர்ந்து பக்தி இயக்கம் பற்றி எழுதிய கட்டுரையில்தான் அந்த வரி போகிற போக்கில் வருகிறது. நாற்பது ஆண்டு நூலகத்தில் தூங்கிய வரி அது. மலையாள ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதி இமயமலைச் சாரலில் வெளியான ஒரு வரி, ஆண்டாள் பிறந்த ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வந்து ஒலிபெருக்கி ஏறியது.

சிங் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். “எங்களுக்கும் இப்படி ஒரு புத்தகச் சண்டை இருக்குதுங்ணா. வண்டியில போறப்ப சொல்றேன்.”

காந்தி கலை மன்றம்

பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர். பிறகு ஒரிசாவில் ஆளுநராக இருந்தார். தன் வீட்டையே ஊருக்கு எழுதிவைத்தார். அதுதான் இந்தக் காந்தி கலை மன்றம். கதராடையும் பஞ்சாலையும் ஒரே தெருவில் வாழ்ந்த விசித்திரமான ஊர் இது. காந்தி கைராட்டையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். கேட்டவர்களின் உறவுக்காரர்கள் ஆயிரக்கணக்கான கதிர்களைச் சுழலவிட்டார்கள். இரண்டுக்கும் ஊரில் மரியாதை குறையவில்லை.

மன்றத்துக்கு அருகே ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, திண்ணையில் தமிழ். விஜயநகரக் காலத்துப் படையோடும் பாளையத்தோடும் தெற்கே வந்த ராஜுக்களின் ஊர் அல்லவா. அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. 2018 விவகாரத்தை நான் எடுத்தபோது கையால் தள்ளிவிட்டார். “அது பேப்பர்க்காரங்க சமாச்சாரம் தம்பி. ஆண்டாள் எங்களுக்கு ராயர் காலத்திலிருந்தே சொந்தம்” என்றார்.

அவர் சொன்ன ராயர் கிருஷ்ணதேவராயர். 1509 முதல் 1529 வரை ஆண்டவர். தெலுங்கின் பெருங்காவியங்களில் ஒன்றான ஆமுக்தமால்யத, ஆண்டாளைப் பற்றி அவர் எழுதியது. தமிழ்ப் பெண் ஒருத்திக்குத் தெலுங்கில் காவியம் எழுதியது கன்னடத் தேசத்து அரசர். ஸ்ரீவில்லிபுத்தூர் வயல்களும் மழையும் நந்தவனமும் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. நான் திருச்சிக்காரன். திருவரங்கத்துக்காரர்களுக்கு ஆண்டாள் வந்து சேர்ந்த மணப்பெண். அரங்கனோடு கலந்தாள் என்பதோடு எங்கள் கதை முடிந்துவிடும். அவள் எங்கிருந்து வந்தாள், அந்த ஊர் மண் என்ன நிறம், யார் வளர்த்தார்கள் என்பதெல்லாம் மாமியார் வீட்டார் அதிகம் கேட்காத கேள்விகள்.

பெரியவரிடம் இன்னொரு தெலுங்குப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற தேவதாசி எழுதிய ராதிகா ஸாந்த்வனம். அதை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் மறுபதிப்புச் செய்தார். அவரும் தேவதாசி மரபினர்தான். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் அந்நூலை ஆபாசம் என்றார். பெண் எழுதலாமா இப்படி என்பது உள்ளே இருந்த கேள்வி. அரசு தடை விதித்தது. 1947இல் பிரகாசம் முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. பெரியவர் கேள்விப்பட்டிருந்தார். “எங்க அத்தை ஒருத்தி ஒளிச்சு வச்சிருந்தா” என்றவர், சட்டென்று பேச்சை மாற்றி, மாம்பழக் காலத்தில் வந்தால் சப்பட்டை தருவதாகச் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் எந்தப் பேச்சையும் சப்பட்டை மாம்பழத்தில் கொண்டுபோய் முடித்துவிடுவார்கள்.

மலையோரச் சாலை

இரண்டு ஊருக்கும் நடுவே தென்னந்தோப்பும் மாந்தோப்பும். இடப்பக்கம் மேற்கு மலைத்தொடர் கூடவே வருகிறது. அதன் அடிவாரத்தில் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். இப்போது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு, மலை இவ்வளவு அருகில் இருந்தும் ஆறு இல்லாத நிலம் கொஞ்சம் அந்நியம். கண்மாய்கள்தான் இங்கே எல்லாம்.

சிங் தன் புத்தகச் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதோடு எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

சீக்கியர்களுக்கு இரண்டு பெரிய நூல்கள். முதலாவது ஆதி கிரந்தம். 1604இல் குரு அர்ஜன் தொகுத்தார். பாய் குர்தாஸ் ஏட்டில் எழுதினார். 1708இல் பத்தாவது குரு கோவிந்த் சிங், தனக்குப் பின் மனித குரு இல்லை, இந்நூலே குரு என்றார். 1430 பக்கம். அதில் கபீர், பரீத், நாமதேவர் பாடல்களும் உண்டு. இரண்டாவது தசம் கிரந்தம். குரு கோவிந்த் சிங்கின் பெயரால் வழங்குவது. சிக்கல் இங்கேதான். இதன் ஐந்தில் இரண்டு பங்கு, சரித்ரோபாக்யான் என்ற கதைத் தொகுதி. ஒரு ராஜா, மாற்றாந்தாயின் பொய்ப்பழிக்கு ஆளான இளவரசன், அவனைக் காப்பாற்ற மந்திரி சொல்லும் நானூறுக்கும் மேற்பட்ட கதைகள். பெரும்பாலானவை பெண்களின் சாகசமும் தந்திரமும் காமமும். நம் மதனகாமராஜன் கதையைப் படித்தவர்களுக்கு வாசனை பிடிபடும்.

“இதைக் குருவே எழுதியிருப்பாரா, இல்லை சபையில இருந்த கவிஞர்கள் எழுதினதா? அதுதானுங்ணா சண்டை” என்றார் சிங். “எங்கப்பா எழுதலைன்னு சொல்வாரு. எங்க மாமா எழுதினாருன்னு சொல்வாரு. கல்யாண வீட்டுல ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வைக்க மாட்டோம்.”

சண்டை பழையது. 1890களில் அமிர்தசரஸில் ஒரு குழு 32 சுவடிகளை ஒப்பிட்டுப் பொதுப்பதிப்பு தயாரித்தது. அதற்குப் பிறகும் ஓயவில்லை. சீக்கியரின் தலைமைப் பீடமான அகால் தக்தின் முன்னாள் தலைவரே (ஜத்தேதார்) ஆன தர்ஷன் சிங், அந்நூலின் சில பகுதிகளைக் கேள்வி கேட்டதால் 2010இல் சமயத்திலிருந்து விலக்கப்பட்டார். அதற்கு முன் 2008இல் அகால் தக்த் ஒரு நடுவழி சொல்லிப் பார்த்தது: தசம் கிரந்தம் சீக்கிய இலக்கியத்திலிருந்து பிரிக்க முடியாதது, ஆனால் குரு கிரந்தத்துக்குச் சமமான குரு பீடம் அதற்கு இல்லை. ஆனால் பாட்னாவிலும் நாந்தேடிலும் உள்ள பீடங்களில் (தக்துகளில்) இரண்டு நூலையும் அருகருகே வைத்துத்தான் வழிபடுகிறார்கள். பஞ்சாபிலுள்ள தக்துகளில் அப்படி இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சை வண்டி கிருஷ்ணன் கோயில் பக்கம் போகும் சாலையை ஒட்டித் திரும்பியபோது சிங் அவிழ்த்தார். பக்தியுள்ள சீக்கியர் தினமும் மாலையில் சொல்லும் வேண்டுதல் பாடல் பேந்தி சௌபாயி. தீட்சை தரும் அம்ருத சடங்கிலும் அதற்கு இடம் உண்டு. அது எங்கே இருக்கிறது? அந்தச் சரித்ரோபாக்யானின் கடைசியில். நூலைக் குருவினுடையதல்ல என்று தள்ளினால், தினமும் நாவில் இருக்கும் பிரார்த்தனையும் அதோடு போகும். “எங்கப்பா புத்தகத்தைத் தள்ளிட்டு, சௌபாயியை மட்டும் வச்சுக்கிட்டாரு” என்று சிரித்தார் சிங். சாஸ்திரப்படி அதற்கு வழி உண்டா தெரியாது. குடும்பப்படி உண்டு.

தமிழர்களுக்கும் இந்த வகைச் சண்டை புதிதல்ல. 1943இல் அண்ணாதுரை, கம்பராமாயணத்தை வைத்து ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்டார். ‘கம்பரசம்’ என்று ஆபாச வரிகளைத் தனியே பொறுக்கி எழுதவும் செய்தார். அறிஞர்கள் வந்து உட்கார்ந்து பதில் சொன்னார்கள், கூட்டம் கேட்டது, வீட்டுக்குப் போனது. அந்தப் பக்குவம் எங்கே கைமாறிப் போயிற்று என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: கோபுர வாசல்

பதினொரு நிலை, 192 அடி. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்று ஊரார் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். கோபுரம் வடபத்ரசாயிக்கு உரியது. ஆண்டாள் சந்நிதி பக்கத்தில் தனிக்கோயில். நடுவே நந்தவனம். ஆனால் யாரைக் கேட்டாலும் ‘ஆண்டாள் கோயில்’தான். தந்தை பெரியாழ்வாரின் பெருமாளுக்குச் சொந்தமான கோபுரத்தையும் மகள் பெயரில் எழுதிவிட்டது ஊர்.

வாசலில் சிங் தயங்கினார். தலைப்பாகையோடு விடுவார்களா என்ற தயக்கம். கேட்டபோது காவலர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சாமி கும்பிட வந்தவங்கதானே, போங்க” என்றார். உள்ளே போனதும் சிங் என் காதருகே குனிந்தார்.

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, கோயில் திறப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் இந்துக்கள் என்றால் சீக்கியர், சமணர், பௌத்தரையும் சேர்த்து என்கிறது. எங்களை இந்துக்களோடு சேர்க்காதே என்று 1984 பிப்ரவரியில் அகாலித் தலைவர்கள் அந்தப் பிரிவின் நகலைத் தெருவில் கொளுத்தினார்கள்.

“கொளுத்தினவங்க எங்க ஆளுங்க. இப்ப யாராச்சும் கேட்டா அதையே காட்டித்தானுங்ணா நான் உள்ள நிக்கணும்” என்றார்.

சந்நிதியில் நடுவே ரங்கமன்னார், ஒருபுறம் ஆண்டாள், மறுபுறம் கருடன். மூவரும் ஒரே கருவறையில். ஆண்டாளின் இடக்கையில் கிளி. தினமும் இலையும் பூவும் கொண்டு புதிதாகச் செய்கிறார்கள், மாதுளம்பூவில் மூக்கு. சூடிக்களைந்த மாலையும் இங்கேயே நிற்பதில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை அழகருக்கும் போகிறது. திருவரங்கத்தில் அவள் தாயார்களோடு ஒருத்தி. இங்கே, திருப்பதிப் பெருமாளுக்கே சீர் அனுப்பும் வீட்டுப் பெண்.

நந்தவனம்

பெரியாழ்வார் துளசிச் செடியடியில் குழந்தையைக் கண்டெடுத்த இடம் என்று காட்டும் தோட்டத்தில் வெயில் ஏறியிருந்தது. பிரபந்தம் சொல்லும் கோஷ்டியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தூணில் சாய்ந்திருந்தார். பேச்சு கொடுத்தோம். தன்னை ‘அடியேன்’ என்றும், சிங்கை ‘சுவாமி’ என்றும் சொன்னார். சிங்குக்கு இரண்டுமே கூச்சம்.

நான் நேரடியாகக் கேட்டேன்: நாச்சியார் திருமொழியில் உடலைப் பற்றி வெளிப்படையாக வரும் பாசுரங்களையும் கோயிலுக்குள் சொல்வீர்களா?

“ஏன் சொல்லாம? பகல்பத்துல முதலாயிரம் சேவிக்கும்போது நூற்று நாற்பத்து மூணும் வரும். ஒண்ணையும் தாண்டறதில்லை” என்றார். குரலில் பதற்றம் இல்லை. என் கேள்வியில்தான் இருந்தது.

அவருக்குப் பதற்றம் இல்லாததற்குக் காரணம் எழுநூறு ஆண்டுக்கு முந்தையது. பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் உரை எழுதியவர். நாச்சியார் திருமொழியை மட்டும் கூச்சப்பட்டு ஒதுக்கவில்லை. காமனை வேண்டும் பாட்டுக்கும், மார்பைப் பற்றிப் பேசும் பாட்டுக்கும், சொல் சொல்லாக உரை செய்தார். அவள் பூமிப்பிராட்டி, அவளுடைய ஆசை உயிரின் ஆசை என்ற சட்டகம் கிடைத்துவிட்டால், அதற்குள் எந்தச் சொல்லும் தோல் உரிந்து நிற்பதில்லை. இராமானுசருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே பெயர். வேதத்துக்கு நிகராகத் தமிழைச் சந்நிதிக்குள் கொண்டுவந்த மரபு, காமத்தையும் அதோடு சேர்த்துத்தான் கொண்டுவந்தது.

குரு கிரந்தத்திலும் இறைவன் கணவன், பாடுகிற ஆண் மணப்பெண் என்று சிங் சொன்னபோது, பெரியவர் தூணிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியா! நம்மாழ்வாரும் அப்படித்தான், பராங்குச நாயகி. ஆம்பளை பொம்பளையா ஆகிப் பாடணும். எங்க ஆண்டாளுக்கு அந்தச் சிரமம் இல்லை பாருங்கோ” என்று சிரித்தார்.

ஆனால் மதிலுக்கு வெளியே கணக்கு வேறு. திருப்பாவை முப்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நாச்சியார் திருமொழியில் கல்யாணக் கனவுப் பதிகம் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு வருகிறது. மற்றவற்றை வீட்டில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில்லை. லூதியானாவில் சிங்கின் அப்பா செய்ததைத்தான் நாமும் சத்தமில்லாமல் செய்திருக்கிறோம். யாரும் ஆணை போடவில்லை, அட்டவணை இல்லை, பாட்டிகளும் பதிப்பாளர்களும் ஒலிநாடா முதலாளிகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

மடத்து வீதி

பால்கோவா கடைகள் வரிசையாக நிற்கும் தெரு. விறகடுப்பில் பால் சுண்டும் வாசனை முழங்கால் வரை வந்து நிற்கிறது. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சிங் இரண்டு வாய் தின்றுவிட்டு, பஞ்சாபின் கோயா இதைவிட உலர்ந்திருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஒரு கிலோ கட்டச் சொன்னார்.

மணவாள மாமுனிகள் மடம் இந்த ஊரில் இருக்கிறது. 2018 ஜனவரியில் மடத்தின் சடகோப ராமானுஜ ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கவிஞர் ஆண்டாள் முன் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது கோரிக்கை. அன்பர்கள் வேண்ட முடித்துக்கொண்டார். பிப்ரவரியில் மீண்டும் உட்கார்ந்து, அதையும் முடித்தார். கவிஞர் வரவில்லை.

சிங்குக்கு இது புதிராக இருந்தது. அவருடைய சமயத்தில் அகால் தக்த் அழைப்பாணை அனுப்பும். போய் நிற்க வேண்டும். குருத்வாராவில் பாத்திரம் கழுவு, செருப்புத் துடை என்று தண்டனை வரும்; போகாவிட்டால் விலக்கம். கனடாவில் ஆதி கிரந்தத்தின் பாடவரலாற்றை ஆய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய பஷௌரா சிங்கையே 1994இல் அமிர்தசரஸுக்கு வரவழைத்தார்கள். “இங்க அப்படி ஒரு பீடம் இல்லீங்களா? அப்ப யாருதான் முடிவு பண்றது?”

யாரும் இல்லை. ஒரு ஜீயருக்கு இன்னொரு மடத்தின் மேல் அதிகாரம் கிடையாது. தென்கலை வடகலைக்கு நாமத்தில்கூட ஒற்றுமை கிடையாது. விலக்கிவைக்க அதிகாரம் இல்லாதவர் தன்னைத்தான் பட்டினி போட முடியும். எனக்கு அதில் ஒரு நன்மைதான் தெரிகிறது. 1946இல் ராஜாஜி, ஆண்டாள் என்றொரு பெண் இருந்ததே இல்லை, அவள் பாடல்கள் பெரியாழ்வார் பாடியவையாக இருக்கலாம் என்று திரிவேணி இதழில் எழுதினார். மு. இராகவையங்காரோ திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பை வைத்துக் கணக்குப் போட்டு, அவள் பாடியது கி.பி. 731 என்றார். ஒருவர் ஆளே இல்லை என்கிறார். மற்றவர் ஆண்டு குறிக்கிறார். இருவரையும் யாரும் பீடத்துக்கு அழைக்கவில்லை.

அப்படியானால் இல்லவே இல்லை என்றதற்கு வராத கோபம், தேவதாசி என்றதற்கு ஏன் வந்தது?

இந்தத் தெருவில் நடந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பகல்பத்துத் தொடங்கும் நாளில் ஆண்டாள், பெரியாழ்வார் வழி வந்தவர்கள் என்று கருதப்படும் வேதபிரான் பட்டர் வீட்டுக்குப் போகிறாள். அங்கே காய்கறிகளைக் கொட்டிப் பரப்பி வரவேற்கிறார்கள். பச்சைப் பரப்புதல் என்று பெயர். தாய் வீட்டுக்கு வந்த மகளுக்குச் செய்வது. இப்படி ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்து போகிறவளைப் பற்றி எவனோ ஒருவன் மேடையில் ஒன்றைச் சொன்னால், கேட்பவன் உரைநூலைப் புரட்ட மாட்டான். பாசுரங்களுக்குப் பெரியவாச்சான் பிள்ளை காவல். பாடியவளின் வாழ்க்கைக்கு அப்படி ஓர் உரைகாரர் இல்லை. அண்ணன் தம்பிகள்தான் இருக்கிறார்கள். எரிந்தது சாஸ்திரம் அல்ல, உறவு. திருவரங்கத்தில் அந்த அளவு எரியாததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கோபத்தை முழுதாக ஏற்கவும் எனக்கு மனமில்லை. சான்று காட்டாத ஒரு வரியை எடுத்து மேடையில் வைத்தது பொறுப்பற்ற வேலை. அது ஒருபுறம். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் உலகத்திலேயே பெரிய வசையைக் கேட்டதுபோல் கொதித்த யாருக்கும், அந்தச் சொல்லுக்குள் பெண்கள் இருந்தார்கள் என்பது நினைவுக்கு வரவில்லை. கோயிலில் ஆடியும் பாடியும் விளக்கேற்றியும் வாழ்ந்தவர்கள். முத்துலட்சுமி ரெட்டி போராடி, 1947இல் சட்டம் வந்து பொட்டுக்கட்டுதல் முடிந்தது. முறை முடிந்தது நல்லது. ஆனால் முறை போன பிறகு, இழிவை மட்டும் அந்தப் பெண்களின் பேத்திகளிடம் விட்டுவிட்டோம். முத்துப்பழனியின் புத்தகத்தை அத்தை ஒளித்துவைத்ததும், 2018இன் கூச்சலும் ஒரே பயத்தின் இரண்டு முனைகள். இதை மடத்து வீதியில் நின்று சத்தமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சிங்கிடம் மட்டும் சொன்னேன். அவர் பால்கோவாப் பொட்டலத்தை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, “எங்க கிரந்தச் சண்டையிலும் அவமானம் எல்லாம் அந்தக் கதைகள்ல வர்ற பொம்பளைங்களுக்குத்தானுங்ணா” என்றார்.

திருமுக்குளம்

மார்கழி நீராட்டு நாள்கள் அவை. ஆண்டாள் திருமுக்குளக் கரை மண்டபத்துக்கு எழுந்தருள்வாள். எண்ணெய்க் காப்பு நடக்கும். மாலையில் கரையெல்லாம் கூட்டம். கரகரத்த ஒலிபெருக்கியில் யாரோ நன்கொடையாளர் பட்டியலை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். சாத்தூர்ச் சேவு, கடலை மிட்டாய், பலூன், வளையல். பட்டுப்பாவாடைச் சிறுமிகள் கொண்டையைச் சாய்த்துக் கட்டி, ஆண்டாள் வேடத்தில் அம்மாக்களின் கையைப் பிடித்து நின்றார்கள். ஒருத்தி மாத்திரம் கிளியைத் தின்னப் பார்த்தாள்.

பூக்கட்டும் அம்மா ஒருவர் சிங்கின் தலைப்பாகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அய்யா எந்த ஊரு? வடக்கயா?” என்றார். சிங் கொங்குத் தமிழில் பதில் சொன்னதும் விரல்கள் நின்றுவிட்டன. பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. உங்களுக்கு என்ன சாமி, கோயிலில் சிலை உண்டா, என்ன படிப்பீர்கள்.

சிலை இல்லை, புத்தகம்தான் குரு என்றார் சிங். பாட்டுப் புத்தகம். விசிறி வீசி, பட்டு போர்த்தி, இரவில் தூங்கவைத்து, காலையில் எழுப்புவோம் என்றார்.

“எங்க ஆண்டாளை எழுப்புற மாதிரி” என்றார் அந்த அம்மா. இதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. “அதுல பொம்பளைப் பிள்ளை பாடின பாட்டு இருக்கா?”

சிங் யோசித்தார். நாலாயிரத்தில் ஒரு பெண்ணாவது இருக்கிறாள்.

“இல்லைங்கம்மா. ஆறு குருமாருங்க பாட்டு, அப்புறம் கபீர், நாமதேவ்னு நிறையப் பேரு. எல்லாம் ஆம்பளைங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “பழைய சுவடி ஒண்ணுல மீராபாய் பாட்டு ஒண்ணு இருக்குது. இப்ப நாங்க வச்சிருக்கிற புத்தகத்துல இல்லை.”

“ஏன் எடுத்தாங்க?”

“எடுத்தாங்களா, முதல்லயே சேர்க்கலையா, பின்னால யாராச்சும் எழுதிச் சேர்த்தாங்களா… அதுலயே மூணு கட்சி இருக்குதுங்கம்மா.”

அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். “எங்க புள்ளைய யாரும் எடுக்க முடியாது. மாலையே திருப்பதிக்கு இங்கருந்துதான் போகணும்” என்றார். பிறகு மரிக்கொழுந்தை நாரில் வைத்து முடிந்தபடி, “எத்தனை முழம் வேணும்னு சொல்லுங்க, கூட்டம் வருது” என்றார்.

சிங் இரண்டு முழம் வாங்கினார். மனைவிக்கு என்றார். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் வாடிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.